ஏழரை

மைலேஜ் எவ்வளவு என்று கேட்டீர்கள், ஹாஜா.
நேற்று வந்தவரும் அதைத்தான் கேட்டார்.
ஆறு சிலிண்டர் என்றதும்
டயரை ஒரு உதை உதைத்துவிட்டு
சாவியைக்கூடக் கையில் வாங்காமல் போனார்.

டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கிறது, எடுங்கள்.
ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் எழுதியது.
தேதி, கிலோமீட்டர், லிட்டர், திர்ஹம்.
ஒன்றாம் தேதி விலை ஏறுகிறதென்றால்
முந்தின இரவு பதினோரு மணிக்குப் போய்
அல் நாதா பங்க்கில் வரிசையில் நின்று
மிச்சம் பிடித்த நான்கு திர்ஹமும்
அந்த வரிசையிலேயே ஏசியில் எரிந்துபோனதும்
இதில் இருக்கிறது.

ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலி.
காலையில் இத்திஹாத் சாலையில்
வண்டி ஓடுவதில்லை, மூச்சு மட்டும் விடும்.
லிட்டருக்கு ஏழரை.
கோடையில் அதற்கும் கீழே.
ஒருநாள் ஏசியை அணைத்துப் பார்த்தேன்.
மூன்றாவது சிக்னலில் சின்னவள் கேட்டாள்:
"அப்பா, நம்மகிட்ட காசு தீர்ந்துடுச்சா?"
போட்டுவிட்டேன்.

ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள்,
சின்ன வண்டி வாங்கு, பதினாறு தரும்.
ஐந்து பேரை இரண்டு நடையாய் ஏற்றி இறக்கினால்
பதினாறு எட்டுதானே?
யாரும் பதில் சொல்லவில்லை.
நானும் அக்கவுண்ட்ஸ்காரன்.

பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.
நடுவில் மேடு அதிகமில்லை.
அதன் அருமை நடுப்பிள்ளைக்குத்தான் தெரியும்;
எங்கள் ரெஃபினா அங்கேயே
ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறுவரை படித்தாள்.
ஆல்பினுக்கு ஒரே வருஷத்தில் கால் நீண்டது,
முட்டி இன்னும் முன்சீட்டைத் தொடவில்லை.
டிக்கியில் முப்பது கிலோப் பெட்டி நான்கு
அடம்பிடிக்காமல் படுக்கும்.
ஒரு முறை வாஷிங் மெஷினை ஏற்றி
மூடியைத் துப்பட்டாவால் கட்டி
இருபதில் ஊர்ந்து வந்தோம்.
லீலா பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்,
அது இறங்கிப் போய்விடும் என்பதுபோல.

இனி கடைசிப் பக்கங்கள்.
ஜூலையிலிருந்து எண் ஏறுகிறது, பாருங்கள்.
எட்டரை. ஒன்பது. ஒன்பதே முக்கால்.
பிளக் மாற்றவில்லை. டயரில் அதே காற்று.
வாடகையும் பள்ளிக் கட்டணமும்
ஒரே மாதத்தில் ஏறின, அவ்வளவுதான்.
நான்கு பெட்டி டிக்கியில், நான்கு பேர் சீட்டில்,
ஏர்போர்ட் வரை போய்
திரும்பி வரும்போதே மீட்டர் நன்றாகக் காட்டியது.
முந்நூறு கிலோ இறங்கினால்
எந்த எஞ்சினுக்கும் தெரியும்.
முவைலா பள்ளி வாசலில்
நிறுத்தி நிறுத்திப் புறப்படுவதும் இல்லை.
இவ்வளவு சிக்கனமாய் இது ஓடியதே கிடையாது.

வண்டி எப்படி என்று லீலா கேட்டாள்.
நல்ல மைலேஜ் என்று அனுப்பினேன்.
நீலக் கோடு இரண்டும் விழுந்தது.
வெகுநேரம் கழித்து, சாப்பிட்டீங்களா என்று வந்தது.

ஜனவரியில் உங்களுக்கு ஃபேமிலி விசா என்றீர்கள்.
குழந்தை சீட் மாட்டுகிற கொக்கி
சீட் இடுக்கில் இருக்கிறது, விரலை விட்டுப் பாருங்கள்.
பிஸ்கட் தூள் ஒட்டும், மன்னியுங்கள்.
மூன்று முறை வாக்யூம் போட்டும் வரவில்லை.

கடைசிப் பக்கத்தை நம்பி வாங்காதீர்கள், ஹாஜா.
ஏழரை என்றால் ஊரில் சனி என்று பயப்படுவார்கள்.
உங்களுக்கு ஏழரையே வரட்டும்.

சிவப்பு விளக்கு எரிந்த பிறகும்
முப்பது கிலோமீட்டர் போகும், அதற்குமேல் வேண்டாம்.
முல்கியா மார்ச் வரை உண்டு.
பாதி டேங்க் இருக்கிறது.
அதை விலையில் சேர்க்கவில்லை.